இரட்டைக் குழந்தை வளர்ச்சி ஸ்கேன்: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்க வேண்டும்?

"ஒரு குழந்தை மட்டும் வெயிட் கம்மியா இருக்கு" என்று ரிப்போர்ட் வந்த வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் செலவு ஒரே மாதிரிதான். இன்னொரு இடத்தில் இன்னொரு ஸ்கேன், ஒரு டின் புரதப் பவுடர், அர்ஜினைன் என்னும் அமினோ அமிலச் சாஷே, ஆன்லைனில் ஒரு கையடக்க டாப்ளர் கருவி. இந்த நான்கில் காசுக்குப் பெறுவது முதலாவது மட்டும்தான். அதுவும் சரியான இடத்தில், சரியான இடைவெளியில் எடுத்தால் மட்டுமே. இல்லாவிட்டால் பயத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்த கதைதான்.

இங்கே எந்த ஒரு சென்டருக்கும் மதிப்பெண் போடவில்லை. தமிழ்நாட்டில் ஒரு சாதாரண ஊரில் கிடைக்கும் இரட்டைக் கர்ப்ப வளர்ச்சி ஸ்கேன் என்னும் சேவை, அதோடு சேர்த்து விற்கப்படும் மற்றவை, இவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டியது வெயிட்டைப் பற்றி அல்ல. நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் டிசிடிஏ என்றிருந்தால் இரண்டு நஞ்சுக்கொடி, இரண்டு பனிக்குடம். எம்சிடிஏ என்றால் ஒரே நஞ்சுக்கொடி, இரண்டு பனிக்குடம். அரிதாக எம்சிஎம்ஏ, அதாவது எல்லாமே ஒன்று. இந்த ஒரு வரி இல்லாத இரட்டை ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். இரண்டு நஞ்சுக்கொடி இருந்தால் ஒரு குழந்தையின் ரத்த ஓட்டத்தில் வரும் சிக்கல் மற்றதை நேரடியாகத் தொடாது. ஒரே நஞ்சுக்கொடி என்றால் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் அதற்குள்ளேயே பின்னிக் கிடக்கும். அதனால் ஒன்றின் நிலை மற்றதையும் பாதிக்கும். டிசிடிஏ கர்ப்பத்துக்கு 20ஆம் வார ஸ்கேனுக்குப் பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறை, எம்சிடிஏவுக்கு 16ஆம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று சர்வதேச வழிகாட்டிகள் வகுத்திருப்பது இதனால்தான்.

இதைத் தெளிவாகச் சொல்ல ஏற்ற காலம் 11 முதல் 14 வாரம் வரை. இரண்டு பனிக்குடங்களையும் பிரிக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் முக்கோணமாகத் திரண்டிருந்தால் அது லாம்டா அடையாளம், நஞ்சுக்கொடி இரண்டு. மெல்லிய கோடாக நேராக வந்து முட்டினால் டி அடையாளம், நஞ்சுக்கொடி ஒன்று. வாரம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும். இரண்டு நஞ்சுக்கொடிகளும் ஒட்டிக்கொண்டு ஒன்று போலத் தெரிவதும் உண்டு. வேறு நாடுகளில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தெரிந்தால் "அப்படியானால் நஞ்சுக்கொடி இரண்டு" என்று பின்னாலும் முடிவுக்கு வர முடியும். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி பாலினம் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. ஆகவே இங்கே அந்த மூன்றாம் மாத ஸ்கேனின் படத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல். அந்தப் பிரிண்டைப் பத்திரமாக வையுங்கள். தெர்மல் தாளில் இருந்தால் மங்கிப்போகும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். தெருமுனை ஸ்கேன் சென்டர், மருத்துவமனைக்குள் இருக்கும் ஸ்கேன் அறை, வயிற்றுக் குழந்தைக்கான சிறப்பு மருத்துவம் பார்க்கும் ஃபீட்டல் மெடிசின் சென்டர் என்று மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. வித்தியாசம் மெஷினில் மட்டும் இல்லை. ஒரு குழந்தையை முழுதாக அளந்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் பார்க்கவே நேரம் பிடிக்கும். இரண்டு என்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாது, குழந்தைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் இன்னும் நீளும். பத்து நிமிடத்தில் இரட்டை ஸ்கேன் முடிந்தது என்றால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் இரட்டைக்குக் கூடுதலாக இருக்கும். டாப்ளர் அதில் சேர்த்தியா, தனியா என்று போன் செய்யும்போதே கேட்டுக்கொண்டால் கவுன்டரில் வாக்குவாதம் வராது.

ரிப்போர்ட்டில் அதிகம் பயமுறுத்தும் வரி ஒன்று உண்டு. "குழந்தை ஏ: 31 வாரம் 1 நாள், குழந்தை பி: 29 வாரம் 2 நாள்." இதைப் படித்ததும், பி இரண்டு வாரம் பின்தங்கி உருவானது போலத் தோன்றும். இரண்டுக்கும் வயது ஒன்றே. அந்த அளவு சராசரியாக எந்த வாரத்துக் குழந்தைக்கு இருக்கும் என்று மெஷின் போட்ட கணக்கு அது, அவ்வளவுதான். இதைவிட மோசமானது, ஒவ்வொரு ஸ்கேனிலும் மெஷின் புதிதாகக் கணக்கிடும் பிரசவத் தேதி. அது மாறிக்கொண்டே போனால் வளராத குழந்தைகூட "வாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி" என்று தப்பிவிடும். தேதி ஒரே முறைதான் முடிவாக வேண்டும். ஐவிஎஃப் என்றால் கரு வைத்த நாளிலிருந்து, இயற்கையாக உருவானது என்றால் மூன்றாம் மாத ஸ்கேனில் பெரிய குழந்தையின் நீளத்திலிருந்து. அதன் பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. உங்கள் ஃபைலில் மூன்று ரிப்போர்ட்டில் மூன்று தேதி இருந்தால் அடுத்த ஸ்கேன் தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சதவீதக் கணக்கு. பெரிய குழந்தையின் எடையிலிருந்து சிறியதன் எடையைக் கழித்து, பெரிய குழந்தையின் எடையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 30ஆம் வாரத்தில் ஏ 1,640 கிராம், பி 1,310 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 330 கிராம். 1,640ஆல் வகுத்தால் 20.1 சதவீதம். வீட்டில் கால்குலேட்டரை எடுத்துச் சிறிய குழந்தையின் எடையால் வகுத்துவிட்டால் 25.2 சதவீதம் என்று வரும், தூக்கம் போய்விடும். ஏனென்றால் 20, 25 என்ற இரண்டு எண்கள்தான் இங்கே வரப்பு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி 20 சதவீதத்தைத் தொட்டால் ஸ்கேனை அடிக்கடி எடுக்க வேண்டும், டாப்ளரும் பார்க்க வேண்டும். 25ஐத் தொட்டு, அதோடு இரண்டில் ஒரு குழந்தையின் எடை பத்தாவது சென்டைலுக்குக் கீழேயும் (அதே வாரத்து நூறு குழந்தைகளில் எடை குறைந்த பத்துக்குள்) போனால் ஃபீட்டல் மெடிசின் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அதே குழந்தைகள் 32ஆம் வாரத்தில் 2,030, 1,640 என்று வந்தால்? வித்தியாசம் 390 கிராம். போன முறையைவிட அறுபது கிராம் கூடிவிட்டதே என்று வீட்டில் பதறுவார்கள். சதவீதமோ 19.2 ஆகக் குறைந்திருக்கிறது. சின்னக் குழந்தை இரண்டு வாரத்தில் 330 கிராம் ஏறியிருக்கிறது. இது நல்ல செய்தி. கிராமை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எடை என்று எழுதியிருப்பது தராசில் நிறுத்தது அல்ல. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்த உத்தேசம். பத்து சதவீதம் மேலே கீழே போவது சர்வசாதாரணம். மேலே சொன்ன 1,640, 1,310 என்ற ஜோடியில் ஒன்று பத்து சதவீதம் கூடுதலாகவும் மற்றது பத்து சதவீதம் குறைவாகவும் அளக்கப்பட்டிருந்தால், உண்மையான வித்தியாசம் 2 சதவீதமாகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். ஒரே ஒரு ஸ்கேனின் ஒரே ஒரு சதவீதத்தை வைத்து அழவும் கூடாது, ஆறுதலும் அடையக் கூடாது. பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் வயிற்றுச் சுற்றளவில்தான். பிரிண்டில் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். குழந்தையின் வயிறு வட்டமாக இருக்க வேண்டும். உள்ளே இரைப்பை ஒரு கறுப்புக் குமிழியாகத் தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரியக் கூடாது. வட்டம் முட்டை வடிவத்தில் நீண்டிருந்தால் அளவு சாய்வாக வெட்டி எடுக்கப்பட்டது என்று பொருள். முப்பது வாரத்துக்கு மேல் இரண்டு குழந்தைகளும் நெருக்கியடித்துக் கிடக்கும்போது சின்னக் குழந்தைக்குத்தான் இப்படி நேர்வது அதிகம். "கொஞ்சம் திரும்பட்டும், இன்னொரு தடவை அளக்கலாம்" என்று காத்திருக்கும் டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இதனால்தான் இடம் மாற்றி மாற்றி ஸ்கேன் எடுப்பதை ஆதரிக்க முடியவில்லை. திங்கள்கிழமை ஓரிடம், சந்தேகத்துக்கு வியாழக்கிழமை வேறோர் இடம் என்று போனால் இரண்டு கைகளின் அளவுப் பிழைதான் கையில் மிஞ்சும். வளர்ச்சியை ஒப்பிடக் குறைந்தது இரண்டு வார இடைவெளி வேண்டும். டாப்ளரையும் பனிக்குட நீரையும் இடையில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், அது வேறு கணக்கு. ஒரே சென்டர், முடிந்தால் ஒரே டாக்டர், கையில் பழைய ரிப்போர்ட் அத்தனையும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அதே தரத்தில் இன்னொன்றைத் தேடாமல் ஒரு படி மேலே, ஃபீட்டல் மெடிசினுக்குப் போங்கள்.

பெயர் குழப்பமும் உண்டு. போன முறை ஏ என்று குறித்த குழந்தையை இந்த முறை பி என்று குறித்துவிட்டால் ஒன்று திடீரென்று கொழுத்துவிட்டது போலவும் மற்றது இளைத்துவிட்டது போலவும் ரிப்போர்ட் காட்டும். நல்ல ரிப்போர்ட்டில் "ஏ: தாயின் வலப்பக்கம், கீழே, நஞ்சுக்கொடி முன்புறம்" என்பது போல அடையாளமும், தொப்புள்கொடி நஞ்சுக்கொடியில் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் இருக்கும். நடுவிலா, ஓரத்திலா, சவ்விலா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஓரத்திலோ சவ்விலோ ஒட்டிய கொடிதான் பல நேரங்களில் சின்னக் குழந்தையுடையது. ஒரே நஞ்சுக்கொடியை இருவரும் சரிபாதியாகப் பங்கிடாததும் இதன் காரணமாகத்தான் பெரும்பாலும் நேர்கிறது. "பெரிசு சின்னதோட சாப்பாட்டையும் தின்னுடுது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. பங்கு பிரித்தது நஞ்சுக்கொடி. அம்மா சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் அதில் பொறுப்பு இல்லை.

டாப்ளர்தான் இந்தச் சேவையின் உயிர்நாடி. எடை உத்தேசம் தள்ளாடும்போது நிலையாக நிற்பது இதுதான். தொப்புள்கொடி ரத்தக் குழாயில் இதயத் துடிப்புகளுக்கு இடையிலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால் சின்னக் குழந்தை சின்னதாக இருந்தாலும் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டம் நின்றுபோனால் கவலைக்குரியது. பின்னோக்கித் திரும்பினால் அவசரம். ஒரே நஞ்சுக்கொடிக் கர்ப்பத்தில் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஓட்டம் எப்போதும் இருந்தால் ஒன்றாம் வகை, தொடர்ந்து இல்லாமலோ திரும்பியோ இருந்தால் இரண்டு, வந்து வந்து போனால் மூன்று. மூன்றாவதைக் கண்டுபிடிக்க அதே இடத்தில் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவசர ஸ்கேனில் தவறிப்போவது இதுதான். இரட்டையில் இன்னொரு சிக்கல், எந்தக் கொடி யாருடையது என்பது. மிதக்கும் கொடியில் பார்த்தால் ஒரே குழந்தையின் கொடியை இரண்டு முறை பார்த்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. குழந்தையின் வயிற்றுக்குள், சிறுநீர்ப்பையின் பக்கவாட்டில் கொடியின் தொடர்ச்சியைப் பிடித்துப் பார்க்கும் டாக்டருக்கு இந்தச் சந்தேகமே வராது.

எம்சிடிஏ என்றால் நீர் அளவு ஒவ்வொரு முறையும் இரண்டு குழந்தைக்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். மொத்தமாக "நீர் போதுமானது" என்று எழுதுவது இங்கே செல்லாது. ஒன்றின் ஆழம் 2 செ.மீ.க்கோ அதற்குக் கீழோ இறங்கி, மற்றது 8 செ.மீ.யோ அதற்கு மேலோ ஏறினால் அது வெறும் வளர்ச்சி வித்தியாசம் இல்லை, ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போகும் டிடிடிஎஸ். 20 வாரத்துக்குப் பிறகு மேல் வரம்பாக 10 செ.மீ. வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. லேசர் சிகிச்சை தேவைப்படலாம், அதைச் செய்யும் இடங்கள் சிலவே. இந்த ரிப்போர்ட் வந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஸ்கேன் நாள் வராவிட்டாலும் வயிறு ஓரிரு நாளில் திடுமென்று இறுகிப் பெருத்தால், மூச்சு முட்டினால் உடனே போங்கள்.

ஃபீட்டல் மெடிசின் சென்டரில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம், டக்டஸ் வீனோசஸ் என்னும் குழந்தையின் ரத்தக் குழாயில் ஓடும் ஓட்டம், பழைய எண்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் கோடாகப் போட்டுக் காட்டுவது, இவற்றோடு முக்கியமாக ஒரு திட்டம். "வாரம் ஒரு டாப்ளர், இரண்டு வாரத்துக்கு ஒரு எடை, இன்னது நடந்தால் அட்மிஷன்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தராத இடத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். குறை என்று சொன்னால் காத்திருப்புதான். காலை பத்து மணி அப்பாயின்ட்மென்ட் மதியம் வரை நீளும். எட்டு மாத இரட்டை வயிற்றோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பதற்கு எந்தச் சென்டரும் இன்னும் மாற்று வழி யோசிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டே போகலாம், இந்த ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை. படுக்கையில் மல்லாந்து கிடக்கையில் தலை சுற்றினால் சொல்லிவிட்டு இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். அப்படியே ஸ்கேனைத் தொடரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதே அளவீடுகள் செலவில்லாமல் கிடைக்கும். அங்கே வரிசை நீளம், ஆனால் பக்கத்திலேயே பச்சிளங் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கும்.

கையடக்க டாப்ளர் கருவியைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம்: வாங்காதீர்கள். டாப்ளர் என்று பெயர் இருப்பதால் மருத்துவமனையில் பார்க்கும் ரத்த ஓட்டத்தை இது பார்க்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். இது காட்டுவது இதயத் துடிப்பின் எண்ணிக்கையை மட்டும். வளர்ச்சி குறைந்த குழந்தையின் துடிப்பும் நிமிடத்துக்கு 140 என்று அழகாகவே ஓடிக்கொண்டிருக்கும். இரட்டையில் கேட்கவே வேண்டாம். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை வைத்து இரண்டிலும் கேட்டால் இரண்டு குழந்தை என்று நினைப்போம். ஒரே குழந்தையின் ஒலியே இரண்டு இடத்திலும் கேட்டிருக்கலாம், அம்மாவின் சொந்த ரத்தக் குழாயாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட கருவிகளை வீட்டில் தாமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2014இலேயே சொல்லியிருக்கிறது. நடு இரவில் ஒலி கிடைக்காமல் பதறுவது ஒரு கெடுதல். அசைவு குறைந்த நாளில் ஒலி கேட்டுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடுவது அதைவிடப் பெரிய கெடுதல்.

அசைவை எண்ணும் செயலிகளும் ஒரு குழந்தைக்காகச் செய்தவை. எந்த உதை யாருடையது என்று பிரிக்க முடியாது. எண்ணிக்கையைவிட வழக்கம் முக்கியம். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பக்கமும் துள்ளல் இருக்கும் என்றால், ஒரு பக்கம் அடங்கிப்போன அன்று செயலியைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புரதப் பவுடர் சாப்பாடு இறங்காத நாளில் உதவலாம். ஆனால் இரண்டு குழந்தைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அது குறைக்காது. ஏறினால் இரண்டும் ஏறும். முட்டை, பருப்பு, மீன், சுண்டல் போதும். அர்ஜினைன் சாஷே பல டாக்டர்கள் எழுதித் தருவது, அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாத வரை வாதாடத் தேவையில்லை. ரத்தக் குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் தாமாகத் தொடாதீர்கள். வளர்ச்சி குன்றிய கர்ப்பங்களில் அதைச் சோதித்த நெதர்லாந்து ஆய்வு, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் சிக்கல் வந்து இறப்புகள் நேர்ந்ததால் 2018இல் பாதியில் நிறுத்தப்பட்டது. படுத்த படுக்கையாக இருந்தால் சின்னக் குழந்தை ஏறும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். களைத்தால் படுங்கள், மற்றபடி வீட்டுக்குள் நடமாடுங்கள்.

பிரசவம் எப்போது என்ற கேள்விக்கு ஸ்கேன் சென்டர் பதில் சொல்லாது, சொல்லவும் கூடாது. சிக்கல் இல்லாத டிசிடிஏவுக்கு 37 வாரம், எம்சிடிஏவுக்கு 36 வாரம் என்பது பொதுக் கணக்கு. வித்தியாசம் கூடினால் தேதி முன்னால் வரும், எவ்வளவு என்பதை டாப்ளர் சொல்லும். 28 வாரத்தில் சின்னக் குழந்தைக்காக அவசரப்பட்டால் நன்றாக வளரும் பெரிய குழந்தையும் குறைமாதமாகிவிடும். "கொஞ்சம் காத்திருப்போம்" என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் இந்தத் தராசைப் பார்த்துத்தான், அலட்சியத்தால் அல்ல. நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு சில நாள்களுக்கு டாப்ளர் திடீரென்று மேம்பட்டதுபோலத் தெரியலாம், அசைவும் குறையலாம். அடுத்த ஸ்கேனில் ஊசி போட்ட தேதியைச் சொல்லாவிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

32 வாரத்துக்குள் மருத்துவமனையில் கேட்டுவிட வேண்டியது ஒன்று பாக்கி. ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு இன்குபேட்டரும் வென்டிலேட்டரும் இருக்கின்றனவா, எத்தனை கிராம் வரை இங்கேயே பார்ப்பார்கள், அதற்குக் கீழே என்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், இரண்டு குழந்தைகளையும் ஒன்றாகவா, ஒன்றை மட்டுமா? நாள் வாடகை ஒரு குழந்தைக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்பதையும் பில்லிங் கவுன்டரில் விசாரியுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், வயிற்றுக்குள் இரண்டும் இருக்கும்போதே மருத்துவமனையை மாற்றுவது எளிது.